கார்டா, விரலா, முகமா: எந்தக் கதவுக்கு எது?

கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ ஒரு நடுத்தர நிறுவனத்தின் கதவில் கைரேகைக் கருவி எப்படி வந்தது என்று விசாரித்தால், கதை பெரும்பாலும் சம்பளக் கணக்கில்தான் தொடங்கும். ஒருவருக்காக இன்னொருவர் கார்டைக் காட்டிவிடுகிறார் என்று முதலாளிக்குச் சந்தேகம் வருகிறது. வருகைப்பதிவுக்காகக் கைரேகைக் கருவி ஒன்றை வாங்குகிறார். அதை மாட்ட வந்தவர், "இதிலேயே பூட்டை இயக்கும் ரிலே சுவிட்ச் இருக்கிறது சார், கதவையும் இதோடு இணைத்துவிடலாம்" என்கிறார். ஒரு காந்தப் பூட்டும் கொஞ்சம் ஒயரும்தான் கூடுதல் செலவு. வருகையைக் குறிக்க வந்த கருவி அன்று மாலையே வாட்ச்மேனாகவும் பதவி உயர்வு பெற்றுவிடுகிறது.

இரண்டும் ஒரே வேலை போலத் தோன்றினாலும் அப்படியல்ல. வருகைப்பதிவில் கருவி தவறினால் ஒருவருடைய அரைநாள் சம்பளம் இழுபறியாகும்; மறுநாள் கணக்குப் பிரிவில் பேசிச் சரிசெய்துகொள்ளலாம். கதவில் தவறினால் வரக்கூடாதவர் உள்ளே வந்துவிடுவார், அல்லது வரவேண்டியவர் மழையில் நிற்பார். ஆகவே கார்டு நல்லதா கைரேகை நல்லதா என்று கேட்பதற்கு முன், இந்தக் கதவில் நாம் எதற்குப் பயப்படுகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கார்டை இரவல் கொடுப்பார்கள் என்றா, நகல் எடுப்பார்கள் என்றா, சுவரில் இருக்கும் பெட்டியையே கழற்றுவார்கள் என்றா? மூன்றுக்கும் மருந்து வேறு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான கதவுகளுக்குச் சரியாகத் தேர்ந்தெடுத்த கார்டு போதும். முகமும் விரலும் சில இடங்களுக்கு மட்டுமே வேண்டும்.

சரியாகத் தேர்ந்தெடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது. பார்வைக்கு எல்லாக் கார்டும் ஒரே வெள்ளை பிளாஸ்டிக். உள்ளே இருப்பவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை.

நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் சிறு அலுவலகங்களிலும் இன்றும் நிறையப் புழங்குவது 125 கிலோஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் பேசும் கார்டு. சாவிக்கொத்தில் தொங்கும் நீல வில்லைகள் பலவும் இந்தச் சாதிதான். கதவருகே கார்டைப் படிக்கும் ரீடரின் பக்கம் போனதும் தன் எண்ணைச் சொல்லிவிடும். எந்த ரீடர் கேட்கிறது, யாருடையது என்றெல்லாம் பார்க்காது. யார் கேட்டாலும் சொல்லும். இதை நகலெடுக்கும் கருவி ஆன்லைனில் சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. சாவி நகல் போடும் சில கடைகளிலும் செய்து தருகிறார்கள். பரவலாக இருக்கும் 26 பிட் அமைப்பில், கட்டடத்தைக் குறிக்க 8 பிட், கார்டைக் குறிக்க 16 பிட், மீதி இரண்டும் பிழை சரிபார்க்க. அதாவது ஒரு கட்டடக் குறியீட்டுக்குள் 65,536 எண்கள்தான் இருக்க முடியும். பல கார்டுகளில் அந்த எண் முதுகிலேயே அச்சாகியிருக்கும். கழுத்தில் தொங்கும் கார்டைப் படம் பிடித்தாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

அடுத்த தலைமுறை 13.56 மெகாஹெர்ட்ஸ். இங்கேதான் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் 'ஸ்மார்ட் கார்டு' என்ற ஒரே பெயரில் ஓட்டை உடைசலும் உறுதியானதும் சேர்ந்தே விற்கப்படுகின்றன. 1990களின் நடுவில் வந்து, பிறகு பிலிப்ஸ் கைக்குப் போன மைஃபேர் கிளாசிக் என்ற கார்டு உலகெங்கும் பரவியது. அதன் ரகசியச் சாவி வெறும் 48 பிட். தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்க முறையும் நிறுவனத்தின் சொந்தத் தயாரிப்பு, வெளியார் பார்வைக்கு வராதது. 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் கார்ஸ்டன் நோலும் ஹென்ரிக் பிளோட்ஸும் அந்தச் சில்லைச் சுரண்டி, நுண்ணோக்கியில் படமெடுத்து, உள்ளிருந்த முறையை வெளியே எடுத்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தினர் முழுத் தாக்குதலையும் விளக்கி ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அதை வெளியிடக் கூடாது என்று, பிலிப்ஸிலிருந்து பிரிந்த என்எக்ஸ்பி நிறுவனம் வழக்குப் போட்டது. தடை விதிக்க 2008 ஜூலையில் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இது பழங்கதை என்று நினைத்தால் 2024ஐப் பாருங்கள். அந்த ஆண்டு மார்ச்சில், சாஃப்லோக் என்ற ஹோட்டல் பூட்டுகளை ஒரு ஜோடிக் கார்டால் திறந்துவிட முடியும் என்று ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 131 நாடுகளில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கதவுகள் அதில் அடக்கம். அந்தக் கார்டுகளிலும் இதே கிளாசிக்தான். ஆகஸ்டில் இன்னொன்று வெளிவந்தது: கிளாசிக்குக்கு மாற்றாக ஷாங்காயின் ஃபுடான் நிறுவனம் செய்த மலிவுச் சில்லுகளில் ஒரு பின்கதவுச் சாவி புதைந்திருந்தது. அந்தச் சில்லுகள் இந்தியா உட்படப் பல நாடுகளின் ஹோட்டல்களில் புழங்குகின்றன. 2008லேயே செத்துவிட்ட கார்டுக்கு இன்றும் கொட்டேஷன் போடுகிறார்கள், நாமும் கையெழுத்துப் போடுகிறோம்.

நம்பி வாங்கக்கூடியவை மைஃபேர் டெஸ்ஃபயர் வரிசையில் வந்த புதியவை, அவற்றுக்கு ஈடான பிற நிறுவனங்களின் கார்டுகள். இவற்றில் ஏஇஎஸ் என்ற, எல்லோரும் அறிந்து சோதித்த 128 பிட் குறியாக்க முறை உண்டு. கார்டும் ரீடரும் ஒன்றையொன்று சோதித்துக்கொண்ட பிறகுதான் பேசத் தொடங்கும். விலை கூடுதல்தான். ஆனால் கதவு, பூட்டு, ஒயர், கூலி எல்லாம் சேர்ந்த மொத்தத்தில் கார்டின் விலை வித்தியாசம் பெரிய தொகையாக நிற்காது.

இங்கே ஒரு தந்திரம் நடக்கிறது. விலை உயர்ந்த டெஸ்ஃபயர் கார்டைக் கொடுத்துவிட்டு, ரீடரை அதன் வரிசை எண்ணை மட்டும் படிக்குமாறு அமைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வரிசை எண்ணுக்குக் குறியாக்கம் எதுவும் கிடையாது. விரும்பிய எண்ணை எழுதிக்கொள்ளும் போலிக் கார்டுகள் சந்தையில் கிடைக்கின்றன. ஆக, நல்ல கார்டுக்குக் காசு கொடுத்து 125 கிலோஹெர்ட்ஸின் பாதுகாப்பை வாங்கியதாக ஆகும். "ரீடர் படிப்பது வரிசை எண்ணையா, உள்ளே சாவி போட்டுப் பூட்டிய தரவையா?" என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில். சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அது விற்பனையாளரிடம் மட்டும் இருந்தால், நாளைக்கு வேறு ஆளிடம் கார்டு வாங்க முடியாது.

இப்போது கையில் இருக்கும் கார்டு எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. என்எஃப்சி (அருகில் வைத்தால் கார்டைப் படிக்கும்) வசதியுள்ள ஆண்ட்ராய்ட் போனின் முதுகில் கார்டை வைத்துப் பாருங்கள். போன் அசையவே இல்லையென்றால் அது பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ். சத்தம் கொடுத்தால் 13.56, அதற்கான இலவசச் செயலி ஒன்றைப் போட்டால் சில்லின் பெயரையும் சொல்லிவிடும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் வாதாடுவதைவிட இது வேகமாக முடியும்.

இனி உடலுக்கு வருவோம். கார்டால் தீர்க்க முடியாத ஒரே நோய், அதைக் கை மாற்றிக் கொடுப்பது. அந்த நோய் உண்மையிலேயே இருக்கிற இடத்தில் பயோமெட்ரிக்குக்கு வேலை உண்டு. ஆனால் கைரேகை யாருடைய கையில் இருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்கு 2020 அக்டோபரில் கைரேகைக் கருவி வந்தபோது என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். முதியவர்களுக்கும் கூலிவேலை செய்பவர்களுக்கும் ரேகை விழவில்லை, விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தார்கள், வரிசை நகரவில்லை. பின்னால் கருவிழிக் கருவியைக் கொண்டுவர வேண்டியிருந்தது. சிமெண்ட் கலக்குகிறவர், சாயப்பட்டறையில் நிற்கிறவர், நாளெல்லாம் பாத்திரம் தேய்க்கிறவர் ஆகியோருக்கு ரேகையின் மேடு பள்ளம் தேய்ந்துபோகிறது. கல்யாண சீசனில் மருதாணி வைத்த விரல்களிலும் சில ஒளியியல் ரீடர்கள் தடுமாறும்.

கணக்காகவே பார்க்கலாம். ஒரு கருவி நூறு முயற்சியில் ஒன்றைத் தவறாக மறுக்கிறது என்று வையுங்கள். 500 பேர் நாளுக்கு இருமுறை விரல் வைத்தால் பத்து மறுப்பு. கேட்க அதிகமில்லை. ஆனால் அந்தப் பத்தும் 500 பேருக்குச் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. தேய்ந்த கை உள்ள அதே நாலைந்து பேர் தினமும் காலையில் கதவுமுன் நிற்பார்கள். சில நாள் கழித்து செக்யூரிட்டி அவர்களுக்காகக் கதவைத் தானே திறந்துவிடுவார். அதன்பிறகு அவர்கள் பின்னால் யார் வந்தாலும் நுழையலாம்.

மறுபக்கக் கணக்கு இன்னும் கவனிக்கத்தக்கது. "ஒரு லட்சத்தில் ஒன்றுதான் தவறாகப் பொருந்தும்" என்று விளம்பரத்தில் இருந்தால், அது ஒரு விரலை ஒரு பதிவோடு ஒப்பிடுவதற்கான கணக்கு. எண் எதுவும் தட்டாமல் நேராக விரலை வைத்தால், கருவி அதை 500 பதிவுகளோடும் ஒப்பிடுகிறது. அந்நியன் ஒருவனுக்கு வாய்ப்பு இருநூறில் ஒன்றாக ஏறிவிடும். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய இருபதில் ஒன்று. முதலில் பணியாளர் எண்ணைத் தட்டவோ கார்டைக் காட்டவோ சொல்லி, பிறகு விரலைக் கேட்டால் ஒரே ஒரு பதிவோடுதான் ஒப்பீடு. பழைய லட்சத்தில் ஒன்று திரும்பிவிடும். ஆனால் அது தாமதம் என்று முதல் வாரத்திலேயே அந்த வசதியை அணைத்துவிடுவார்கள்.

போலி விரலும் கற்பனையல்ல. ஜப்பானின் சுதோமு மட்சுமோட்டோ 2002ல் ஜெலட்டினால் விரல் வார்த்து, அன்று சந்தையில் இருந்த 11 கருவிகளில் சோதித்தார். பெரும்பாலான முயற்சிகளில் கருவிகள் ஏமாந்தன. இன்றைய நல்ல கருவிகள் உயிருள்ள தோலா என்று பல நிற ஒளியால் சோதிக்கின்றன. மலிவானவற்றில் அதெல்லாம் இருக்காது.

பறிபோனால் மாற்ற முடியாது என்பது இன்னொரு சங்கடம். அமெரிக்க அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத்திலிருந்து 2015ல் வெளியே போன தகவல்களில் 56 லட்சம் பேருடைய கைரேகைகளும் இருந்தன. அவர்களில் யாருக்கும் புது விரல் வழங்க வழியில்லை. இந்தியாவில் 2023ன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஊழியர் விலகிய பின்னும் அவருடைய விரல் ஏன் கருவியில் இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய காலம் நெருங்குகிறது. பெரும்பாலான சிறு நிறுவனங்களில் அதை அழிக்கும் வழக்கமே கிடையாது; கருவியின் நிர்வாகி கடவுச்சொல்லும் பெட்டியில் வந்ததுதான்.

முக அடையாளம் கோவிட் காலத்தில் வேகம் பிடித்தது. தொற்று பயத்தால் 2020 மார்ச்சில் மத்திய அரசே தன் ஊழியர்களுக்குக் கைரேகை வருகைப்பதிவை நிறுத்திவைத்தது. இரு கையிலும் சாப்பாட்டுப் பையும் தண்ணீர் பாட்டிலும் வைத்துக்கொண்டு வருகிறவருக்கு இதைப் போல வசதி எதுவும் இல்லை. தேய்ந்த ரேகையின் தொல்லையும் இல்லை. பிரச்சினை வெளிச்சம். மேற்கு பார்த்த வாசலில் மாட்டினால் மாலை நாலு மணி வெயில் கேமராவுக்குள் நேராக இறங்கும். முகத்துக்குப் பின்னால் வெயில் இருந்தால் முகம் கறுத்துவிடும். நிழல் தரும் கூரைக்கு அடியில், உள்ளே தள்ளி மாட்ட வேண்டும். சாதாரண கேமராவோடு அகச்சிவப்புக் கேமராவும் இல்லாத மலிவுக் கருவிகள் போன் திரையில் காட்டிய படத்துக்கே திறந்துவிடுவதுண்டு. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019ல் வெளியிட்ட ஆய்வில், பல மென்பொருள்கள் ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளியினரின் முகங்களை வெள்ளையர்களைவிட அதிகமாகக் குழப்பிக்கொண்டது தெரிந்தது. விற்பனை அரங்கில் காட்டும் சோதனையை நம்ப வேண்டாம். உங்கள் ஆட்கள், உங்கள் வாசல், மாலை நேரம், ஹெல்மெட்டைக் கழற்றிக் கலைந்த தலை: இப்படிச் சோதித்துப் பாருங்கள். இரட்டையர்கள் வேலை செய்தால் அவர்களையும் கூப்பிடுங்கள்.

கருவிழி துல்லியத்தில் எல்லாவற்றையும் மிஞ்சும். ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களுக்கும், ஏன், ஒரே ஆளின் இரண்டு கண்களுக்கும்கூட அது வேறுவேறு. ஆனால் நின்று, கண்ணைக் காட்டி, காத்திருக்க வேண்டும். உள்ளங்கை நரம்பைப் படிக்கும் கருவிகளும் நல்லவைதான். இரண்டும் விலை அதிகம். மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வகத்துக்கோ சர்வர் அறைக்கோ சரி, மற்றவர்கள் படித்து வைத்துக்கொண்டால் போதும்.

போனைச் சாவியாக்குவது இவை எல்லாவற்றுக்கும் நடுவில் வருகிறது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். கார்டை நண்பனுக்குத் தூக்கிக் கொடுக்கிறவர்கூடத் தன் போனைக் கொடுக்க மாட்டார். போனைத் திறக்கும் விரலோ முகமோ போனுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. நிறுவனத்தின் சர்வருக்குப் போவதே இல்லை. இரவல் கொடுக்கும் நோய்க்கு, யாருடைய உடலையும் சேமிக்காத மருந்து இது. பூட்டிய போனிலேயே கதவு திறக்கும்படி அமைத்துவிட்டால் மட்டும் இந்த லாபம் போய்விடும். சார்ஜ் இல்லாத போன், சாதா போன் வைத்திருக்கும் டிரைவர் அண்ணன், செயலியைப் போட மறுக்கும் பெரியவர் ஆகியோருக்காகக் கொஞ்சம் கார்டையும் கையில் வைத்திருக்கத்தான் வேண்டும். கியூஆர் குறியீட்டை இதோடு சேர்த்து எண்ணாதீர்கள். அடிக்கடி மாறாத குறியீடு என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிடலாம்.

இவ்வளவு பேசியபின், ரீடருக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்காவிட்டால் எல்லாம் வீண். தொடக்கத்தில் சொன்ன அந்த வருகைப்பதிவுக் கருவியைக் கழற்றிப் பாருங்கள். கீழே ஒரே ஒரு திருகு. முதுகில் வண்ண ஒயர்கள் ஒரு கொத்து. அவற்றில் இரண்டு பூட்டுக்குப் போகும் ரிலே. இன்னும் இரண்டு, உள்ளே இருக்கும் வெளியேறும் பொத்தானுக்கு. அந்தக் கடைசி இரண்டையும் ஒன்றோடொன்று தொடவைத்தால், உள்ளிருந்து யாரோ பொத்தானை அழுத்தியதாக நினைத்துக் கருவியே கதவைத் திறக்கும். கைரேகையும் தேவையில்லை, ஜெலட்டினும் தேவையில்லை. ஆகவே தீர்ப்புச் சொல்லும் கன்ட்ரோலர் கதவுக்கு உள்ளே, பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். வெளியே இருப்பது வெறும் ரீடராக இருக்க வேண்டும்.

அந்த ரீடரும் கன்ட்ரோலரும் பேசிக்கொள்ளும் ஒயரும் கவனிக்க வேண்டியது. இன்னும் பெரும்பாலான இடங்களில் இருப்பது வீகண்ட் முறை. ஜான் வீகண்ட் என்பவர் கண்டுபிடித்த காந்தக் கம்பியை வைத்துச் செய்த பழைய கார்டுகளோடு வந்தது. அந்தக் கார்டுகள் வழக்கொழிந்தன, ஒயர் முறை மட்டும் தங்கிவிட்டது. அதில் எண் வெளிப்படையாக, ஒருவழியாகப் போகிறது. நடுவில் சிறு கருவி ஒன்றைச் செருகி எல்லாக் கார்டு எண்களையும் சேகரிக்கலாம். ஓஎஸ்டிபி என்ற புதிய முறையில் குறியாக்கம் உண்டு. 2020ல் அது பன்னாட்டுத் தரமாகவும் ஏற்கப்பட்டது. ரீடரில் ஓஎஸ்டிபி இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், அதன் குறியாக்கத்தை இயக்கித் தருவார்களா என்றும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அப்படியானால் யார் எதை வாங்குவது? அடுக்குமாடிக் குடியிருப்புக்கு, குறியாக்கமுள்ள கார்டு, விரும்புகிறவர்களுக்குப் போன். பல இடங்களில் வீட்டுக்காரர்களுக்குக் கார்டையும், வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கு மட்டும் கைரேகையையும் வைக்கிறார்கள். பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரலைத்தான் கருவி நம்ப மறுக்கும் என்பது ஒருபுறம். யாரைச் சந்தேகிக்கிறோம் என்று வாசலிலேயே போர்டு எழுதி மாட்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்பது மறுபுறம். அவர்களுக்கும் கார்டே கொடுங்கள், வேலையை விட்டுப் போனால் அன்றே ரத்து செய்யுங்கள்.

ஐம்பது பேர் உள்ள அலுவலகத்துக்கும் கார்டே போதும். ஆள்மாறாட்டம் உண்மையான பிரச்சினையாக இருக்கும் தொழிற்சாலையில் வருகைப்பதிவுக்கு முகம், கதவுக்குக் கார்டு என்று இரண்டையும் பிரித்துவிடுங்கள். முகம் மறுத்தவருக்குச் சண்டை போடாமல் கையால் பதிவுசெய்யும் வழி ஒன்றும் இருக்கட்டும். சர்வர் அறை, பணப்பெட்டி, மருந்துக் கிடங்கு போன்றவற்றுக்குக் கார்டோடு விரலோ கருவிழியோ சேரட்டும். முடிந்தால் விரல் அல்லது கருவிழியின் பதிவைக் கார்டுக்குள்ளேயே வையுங்கள். கருவியில் எதுவும் தங்காது, ஒப்பீடும் ஒன்றுக்கு ஒன்றாக நடக்கும்.

இன்னொன்று, ஆபத்தில் கதவு உள்ளிருந்து திறக்கிறதா என்ற சோதனை. இதைக் கடைசிப் பில்லுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். 1997ல் டெல்லி உபகார் திரையரங்கில் தீப்பிடித்தபோது வெளியேற வழி அடைபட்டுப் புகையில் 59 பேர் இறந்தார்கள். காந்தப் பூட்டு மின்சாரம் இருக்கும்வரை பிடித்துக்கொண்டிருக்கும், போனால் விட்டுவிடும். அது தீயின்போது நல்லது, ஆனால் மே மாத மின்வெட்டில் பேட்டரி தீர்ந்தாலும் கதவு திறந்துதான் கிடக்கும். மின்சாரம் போனாலும் வெளிப்பக்கம் பூட்டியே இருக்கும் வகைப் பூட்டு என்றால், உட்பக்கக் கைப்பிடியைத் திருப்பினால் எந்த நிலையிலும் திறக்க வேண்டும். மாட்டியவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். பிறகு பேட்டரி ஒயரையும் கழற்றச் சொல்லி, நீங்கள் உள்ளே நின்று கதவைத் திறந்து பாருங்கள். தீ எச்சரிக்கை மணியை அழுத்தினால் எல்லாப் பூட்டும் விடுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட்டுக் காசோலையில் கையெழுத்துப் போடுங்கள்.